முடி யாருக்கு உரியது?

கானாடுகாத்தான் தெருக்களில் நடப்பவர் அண்ணாந்து பார்த்தபடிதான் நடப்பர். பர்மாத் தேக்கால் தூண் நிறுத்தி, முட்டையின் வெண்கரு சேர்த்த சுண்ணாம்பால் சுவர் மெழுகி, முகப்பின் உச்சியிலே சுதையாலான திருமகளை அமர்த்திக் கட்டிய மாளிகைகள் இருபுறமும் எழுந்து நிற்கும். அவற்றுள் தலையாயது 1912இல் அண்ணாமலைச் செட்டியார் எழுப்பிய அரண்மனை. வருவோர் முகட்டைப் பார்க்கின்றனர், வியக்கின்றனர், செல்கின்றனர். அந்த முகட்டின் மீது ஏறி நின்று, வெயிலில் காய்ந்து, ஓடு வேய்ந்து இறங்கியவன் யார் என்று கேட்பார் இல்லை. உயரத்தைப் போற்றுவதும், உயர்த்தியவனை மறப்பதும் இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம்!

இந்த வழக்கம் கல்லோடும் மரத்தோடும் நின்றுவிடவில்லை. சொல்லிலும் புகுந்திருக்கிறது. அதை நமக்கு உணர்த்தியவன் ஒரு சிறுவன்.

மூவேந்தர் பாடம் நடந்துகொண்டிருந்தது. வேந்தன் முடி சூடினான், முடி தரித்தான், முடியுடை மன்னனானான் என்று நாம் சொல்லிக்கொண்டே போனோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, தலையில் முளைப்பதும் முடி, அரசர் தலையில் வைப்பதும் முடி. முளைப்பது எல்லோருக்கும் இருக்கிறதே! பிறகு ஏன் அரசரை மட்டும் முடியுடையவர் என்கிறோம்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அரச பீடங்களையும் அர்ச்சனைப் பீடங்களையும் நோக்கி அறிவியக்கம் எழுப்பிய கேள்வியை, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுப்பிவிட்டானே என்று வியந்தோம். அவனுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கையில் பிறந்த சொல்

'முடி' என்றால் இன்று நமக்குத் தலைமயிர் நினைவுக்கு வரும், அடுத்து மணிமுடி, அதற்கும் அடுத்து மலையின் உச்சி. மூன்றும் உயர்ந்த இடத்தில் இருப்பவை. ஆயினும் இச்சொல் உயரத்தில் பிறந்ததன்று. அது பிறந்த இடம் மனிதனின் கை.

முடிதல் என்பது கட்டுதல். 'காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்' என்று நம் தாய்மார் இன்றும் சொல்கின்றனர். முடிந்ததனால் உண்டாவது முடிச்சு. நாற்றங்காலில் பறித்த நாற்றை ஒரு கையளவு சேர்த்துக் கட்டினால் அது நாற்றுமுடி. கூந்தலில் மலரைச் செருகிக் கட்டினால் அது பூ முடித்தல். சிதறிக் கிடப்பதைச் சேர்த்து, நழுவாமல் ஓரிடத்தில் கட்டி நிறுத்துவது, இதுவே இச்சொல்லின் உயிர்க்கருத்து.

ஆணும் பெண்ணும் கூந்தல் வளர்த்த காலத்தில், விரிந்த மயிரை வாரி எடுத்துத் தலையின் உச்சியிலே கட்டினர். அந்தக் கட்டு, முடி. கட்டின் பெயர் பின்பு கட்டப்பட்ட மயிருக்கு ஆயிற்று. மயிரின் பெயர் அது இருந்த இடமாகிய தலையுச்சிக்கு ஆயிற்று. தலையுச்சியின் பெயர் அதன்மேல் ஏற்றிய அணிகலனுக்கும், நிலத்தின் தலைபோல் நிமிர்ந்து நின்ற மலையுச்சிக்கும் ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுவோர், கட்டு, நாற்றுமுடி, மயிர், மகுடம், தலை, உச்சி ஆகிய பொருள்களை இச்சொல்லின்கீழ் ஒருங்கே காணலாம். ஓர் அகராதிப் பக்கத்திலேயே வயல்வெளியும் அரண்மனையும் அருகருகே நிற்கின்றன!

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. தெலுங்கில் 'முடி' முடிச்சைக் குறிக்கும். கன்னடத்தில் 'முடி' கூந்தற்கட்டைக் குறிக்கும், பூச்சூடுவதையும் குறிக்கும். மலையாளத்தில் அது மயிர், மலையின் உச்சியும்கூட. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் உறவை விளக்கி ஒப்பிலக்கணம் வெளியிட்டார். 1961இல் பர்ரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் தந்தனர். அந்த வழியில் நோக்குவோர்க்கு, முடி திராவிடக் குடும்பத்தின் பொதுச் சொத்து என்பது விளங்கும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த மலையுச்சி 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி. அதன் பெயரில் அரசனும் இல்லை, ஆண்டவனும் இல்லை. யானையின் தலைதான் இருக்கிறது.

தலையே அளவுகோல்

உயரத்துக்குப் பெயர் வைக்கும்போது மனிதன் தன் தலையைத் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். இது தமிழனுக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று.

நாம் தலைவன் என்கிறோம், தலைநகர் என்கிறோம். ஆங்கிலத்தில் தலைநகரைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' என்ற சொல், இலத்தீனில் தலையைக் குறிக்கும் 'காபுட்' என்ற சொல்லின் வழி வந்தது. வானத்தின் உச்சியை ஆங்கிலேயர் 'ஜெனித்' என்பர். அது அரபு வானநூலார் வழங்கிய தொடரின் சிதைவு. தலைக்கு மேலுள்ள வழி என்பது அத்தொடரின் பொருள். ஐரோப்பாவில் படியெடுத்தோர் எழுத்தைப் பிழைபடப் படித்ததால் அரபுச் சொல் உருமாறி அங்கே நிலைத்துவிட்டது. வடமொழியில் மலையுச்சியைக் குறிக்கும் 'சிகரம்', குடுமியைக் குறிக்கும் 'சிகை'யோடு உறவுடையது.

வடமொழிச் சான்றை நாம் மறைக்கவேண்டியதில்லை. மறைத்துப் பெறும் வெற்றி பகுத்தறிவாளனுக்கு வேண்டாம். எல்லா மக்களும் உச்சிக்குத் தம் தலையிலிருந்தே பெயர் எடுத்தனர் என்றால், அது நம் கொள்கைக்கு வலிமையே சேர்க்கிறது. தலை இல்லாத மனிதன் இல்லை. எனவே உச்சி என்னும் எண்ணத்தில் பங்கில்லாத மனிதனும் இல்லை!

பெயரைப் பொருளோடு பொருத்தத் தெரியாதபோது புராணம் புகும். அதற்கு ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமுடி சான்று. கொடுமுடி என்றால் மலையுச்சி என்பது பொருள். ஆனால் ஊரோ காவிரியின் கரையில் இருக்கிறது. மலையில்லா ஊருக்கு மலையுச்சியின் பெயர் ஏன்? கேள்வி எழுந்தவுடன் கதை பிறந்தது. ஆதிசேடனும் வாயுவும் போரிட்டனராம், மேருமலை உடைந்ததாம், அதன் துண்டொன்று இங்கே வந்து விழுந்ததாம்! அங்குள்ள இறைவனுக்கும் மகுடேசுவரர் என்று வடமொழிப் பெயர் வந்தது. தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே வளையும் இடம் அது என்பதையும், 'கொடு' என்பதற்கு வளைவு என்ற பொருள் உண்டு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க இடமுண்டு. ஆற்றின் வளைவைக் கண்ணால் காணலாம். மேருவின் துண்டைக் கண்டவர் யார்?

அணிந்தவரும் இழந்தவரும்

கையில் பிறந்து எல்லோர் தலையிலும் இருந்த முடி, ஒரு சிலரின் உடைமையானது எப்படி?

தொல்காப்பிய மரபியல், கொடியும் குடையும் முரசும் தாரும் முடியும் அரசர்க்கு உரியவை என்று பட்டியல் தருகிறது. மரபியலின் இத்தகைய பகுதிகள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்று கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு. எக்காலத்ததாயினும், எல்லோருக்கும் பொதுவான சொல்லுக்கு வேலி போட்ட செய்தி அதில் இருக்கிறது. மயிர்முடி எல்லோருக்கும், மணிமுடி ஒருவனுக்கு.

ஆரியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருட சூக்தம், சமுதாயத்தையே ஓர் உடலாக்கிற்று. வாயில் ஒரு வருணம், தோளில் ஒரு வருணம், தொடையில் ஒரு வருணம், பாதத்தில் ஒரு வருணம் என்று பங்கிட்டது. உழைத்தவன் பாதத்துக்குப் போனான். ஓதியவன் மேலே போனான். தலையுள்ள கோடிக்கணக்கான மக்களை நோக்கி, நீங்கள் கால் என்று சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய சொற்கொலை உலகில் வேறு உண்டா?

இந்தப் பங்கீட்டை எதிர்த்து நின்ற முடி ஒன்றும் தமிழில் உண்டு. அது கண்ணகியின் முடி. சிலப்பதிகாரத்தில் அவள் விரித்த கூந்தலோடு பாண்டியன் அவைக்குள் நுழைகிறாள். அங்கே அரியணையில் முடி சூடிய மன்னன். வாயிலில் முடி அவிழ்ந்த பெண். முடிவில் வீழ்ந்தது எது? பொன்னாலான முடி! நீதி கேட்டு அவிழ்ந்த கூந்தலுக்கு முன் மணிமுடி நிற்கவில்லை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த கண்ணகி சிலை நமக்குச் சொல்லும் செய்தியும் அதுவே.

ஆனால் எத்தனை பெண்களுக்கு அவிழ்ப்பதற்கு முடி இருந்தது? கணவன் இறந்தவுடன் பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த கொடுமை வைதிகக் குடும்பங்களில் நெடுங்காலம் நடந்தது. மழிக்காத குடும்பங்களிலும் கைம்பெண் பூ முடிக்கக் கூடாது என்றனர். இறந்தவன் ஒருவன், தண்டிக்கப்பட்டது மற்றொருத்தியின் தலை! இதை எதிர்த்து நம் செட்டிநாட்டிலேயே குரல் எழுந்ததை நாம் மறக்கலாகாது. 1936இல் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற பெயரிலேயே ஓர் இதழ் வெளிவந்தது. பெயரைச் சொல்லவே பலர் அஞ்சிய கருத்தை அட்டையிலே அச்சிட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்த நெஞ்சுரம் அது.

பக்தியின் கணக்கையும் ஒருமுறை பார்ப்போம். பழனியிலும் திருப்பதியிலும் ஏழை தன் முடியை மழித்துக் காணிக்கை தருகிறான். சிலைக்கோ பொன்முடி சூட்டுகின்றனர். ஏழையின் முடி ஏலத்துக்குப் போகிறது. சிலையின் முடி பெட்டகத்துக்குப் போகிறது. முளைக்கும் முடியைக் கொடுத்தவனுக்கு மிஞ்சியது மொட்டை!

எட்டுத் தடைகள்

இவையெல்லாம் பழங்கதை என்று எவரேனும் சொன்னால், அவர்கள் நம் மண்ணின் அண்மைக் கால வரலாற்றைப் படிக்கட்டும்.

இன்று சிவகங்கை மாவட்டமாக உள்ள இப்பகுதி அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதியைப் பற்றிய தம் நூலில் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆடை முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. சட்டையோ பனியனோ போடக்கூடாது. ஆண்கள் முடி வெட்டிக் கிராப்பு வைக்கக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. பெண்கள் பூவும் மஞ்சளும் பயன்படுத்தக்கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக்கூடாது. காலில் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, கால்நடைகள் கொள்ளை போயின.

தோழர்களே, இந்த எட்டையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். எட்டில் மூன்று தலையைப் பற்றியவை! ஆணின் கிராப்பு, பெண்ணின் பூ, தலைக்கு மேல் பிடிக்கும் குடை. மரபியல் அரசனுக்கு என்று ஒதுக்கிய முடியும் குடையும் இருபதாம் நூற்றாண்டில் வேறு வடிவில் திரும்பி வந்து நின்றன. மணிமுடியை ஒருவனுக்கு ஒதுக்கிய சமுதாயம், கடைசியில் மயிர்முடியின் மீதே உரிமை கொண்டாடிற்று. உன் தலையில் முளைத்தது உன்னுடையதன்று என்று சொல்வதற்கு மேல் அடிமைத்தனம் ஏது?

அதோடு நின்றார்களா? 1931 ஜூனில் எட்டுத் தடைகள் பதினொன்றாகப் பெருகின. நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடக்கூடாது, மிராசுதாரர்களுக்கு அடிமைபோல் உழைக்கவேண்டும் என்ற கட்டளைகளோடு, பிள்ளைகள் படிக்கக்கூடாது, எழுத்தறிவு பெறக்கூடாது, மாடு மேய்க்கவேண்டும் என்ற கட்டளையும் சேர்ந்தது.

இந்த வரியைப் படித்த அன்று, ஆசிரியத் தொழில் செய்யும் நாம் நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. முதலில் தலைக்கு மேல் இருப்பதைத் தடுத்தார்கள். அடுத்து, தலைக்குள் செல்வதைத் தடுத்தார்கள். அந்தக் கட்டளை நின்றிருந்தால், நம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து அந்த வினா எழுந்திருக்குமா?

நிமிர்ந்த தலைகள்

கட்டளை நிற்கவில்லை. நிற்காமற் போனதற்குக் கடவுள் காரணமன்று, மனிதர்கள் காரணம்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லிற்று. பெயரின் வால் அறுந்த அந்நாளில் தலையின் குடுமியும் அறுந்தது. உச்சிக்குடுமியை வெட்டிக் கிராப்பு வைத்துக்கொண்ட இளைஞனை ஊர் ஏளனம் செய்தது. பெற்றோர் கண்ணீர் விட்டனர். கத்தரிக்கோல் எடுத்தது மயிரைத்தான். ஆனால் விழுந்தது மயிர் மட்டுமன்று. இன்ன சாதிக்கு இன்ன தலை என்ற முத்திரையும் விழுந்தது.

கானாடுகாத்தானுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. குடுமியை நீக்கி, மீசை வளர்த்து, தலைப்பாகை கட்டிய பாரதியார் 1919இல் இவ்வூருக்கு வந்து வயி. சு. சண்முகம் செட்டியாரின் விருந்தினராகத் தங்கினார். அச்சண்முகனார் பின்னாளில் சுயமரியாதை இயக்கத்துக்கும் துணை நின்றார். முகடுகளால் மட்டுமன்றி, இத்தகைய மனிதர்களாலும் இவ்வூர் உயர்ந்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தன் பதினேழாம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. ஆயினும் இந்நாளிலும், சில ஊர்களில் முடி திருத்தும் கடைக்குள் ஒடுக்கப்பட்ட இளைஞனை ஏற்க மறுக்கின்றனர் என்ற செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாட்டில், தெருமுனைக் கடையின் நாற்காலிக்கு ஒருவனை அனுப்ப முடியவில்லை! 1930இன் நான்காம் தடை ஏட்டில் செத்துவிட்டது; வீதியில் இன்னும் மூச்சு விடுகிறது. அதன் மூச்சை நிறுத்துவது சட்டத்தின் வேலை மட்டுமன்று, நம் வேலையும்கூட. ஒவ்வோர் இளைஞனும் தன் ஊர்க் கடையைப் போய்ப் பார்க்கட்டும். அங்கே எல்லோரும் அமரும் நாற்காலி இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லையெனில், அதுவரை நானும் அதில் அமரமாட்டேன் என்று சொல்லட்டும்.

மாணவனுக்கு நாம் சொன்ன விடை

சில நாள் கழித்து வகுப்பில் அந்த மாணவனுக்கு விடை சொன்னோம்.

"தம்பி, முடி முதலில் அரசருக்கு உரியதாக இல்லை. அது கட்டியவனுக்கு உரியதாக இருந்தது. நாற்றைக் கட்டியவளும், கூந்தலைக் கட்டியவளும், பூவைக் கட்டியவளும் தந்த சொல் அது. அரசர் அதைக் கடன் வாங்கினார்; திருப்பித் தரவில்லை. அவ்வளவுதான்!"

வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை நாமும் சேர்ந்து சிரித்தோம்.

அவன் விடவில்லை. "அப்படியென்றால், ஐயா, வேலை முடிந்தது என்கிறோமே, அதுவும் இந்த முடிதானா?" என்றான்.

அதுவும் இதுவே என்பதுதான் நம் கருத்து. அவிழ்ந்து கிடப்பது முற்றுப்பெறாதது; கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டால் வேலை முற்றிற்று. மாலை கட்டுபவர் இறுதியில் போடுவது முடிச்சு. மூட்டை கட்டுபவர் இறுதியில் போடுவதும் முடிச்சு. கட்டி நிறைவேற்றுவதே முடித்தல், நிறைவேறியது முடிவு. அதனாலன்றோ, ஒரு செயலைச் செய்ய வல்லோம் என்பதைச் சொல்ல, தமிழ் மக்கள் நாள்தோறும் 'முடியும்' என்கின்றனர்!

மாணவன் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒன்றாகிவிட்டன. முடி யாருக்கு உரியது என்பது முதற்கேள்வி. அதை உரியவரிடம் திருப்பிச் சேர்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முதற்கேள்விக்கு வரலாறு விடை சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு நாம்தாம் சொல்லவேண்டும்.

இளைஞர்களே, முடியும்!